யோலெத்தின் வசவு

லெ காய் என்ற ஊரின் சந்தையில் விலையைக் கேட்டுவிட்டுத் திட்டாமல் வாங்குகிறவர்கள் இரண்டே வகை. ஒன்று வெளியூர்க்காரர், இல்லையென்றால் பகையாளி. யோலெத் இரண்டுமில்லை, செலியானிடம் பதினோரு வருடமாகக் கரி வாங்குகிறவள். விலை காதில் விழுந்ததுமே ஆரம்பித்துவிடுவாள். கரி விற்கிறாயா தங்கம் விற்கிறாயா என்பாள், பகல் கொள்ளை என்பாள், கழுத்தை அறுக்கிறாயே, குடும்பத்தோடு நாங்கள் சாகவா என்பாள். செலியானும் சளைக்காமல் திருப்பிக் கொடுப்பாள். பக்கத்து மீன்காரிகளுக்கு நல்ல பொழுதுபோக்கு. கடைசியில் விலையில் பத்து கூர்த் குறையும், இரண்டு பேரும் சிரித்துக்கொள்வார்கள்.

புயல் வந்து செலியானின் கூரையைக் கொண்டுபோயிற்று. பாதை அடைபட்டு, கரி வரத்து நின்றது. மனம் மரத்துப்போய் உட்கார்ந்திருந்தவள் விலையை இரண்டு மடங்காக்கினாள். நாலாம் நாள் யோலெத் வந்தாள். புருஷனுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை, தண்ணீர் காய்ச்ச வேண்டும் என்றாள். வழக்கம்போல் திட்டினாள். பிறகு குரல் இறங்கியது.

"நெஜமாவே காசில்ல செலி. அரை டின்னாவது குடு. அவரு செத்துடுவாரு."

"தெனமுந்தான் சாகறீங்க," என்றாள் செலியான். யோலெத் வெறுங்கூடையோடு திரும்பிப் போனாள்.

மூன்று வாரம் கழித்து யோலெத் கறுப்பு உடையில் வந்து நின்றாள். சாவுச் சேதி ஏற்கெனவே சந்தைக்கு வந்திருந்தது. செலியானுக்கு அழுகை வரவில்லை, எதுவுமே வரவில்லை. பாதை திறந்து, டின் பழையபடி நூற்றைம்பதுக்கு இறங்கியிருந்தது.

"டின் எவ்வளவு?"

ஒரு வசவு கிடைத்தால் போதும் என்றிருந்தது செலியானுக்கு. அது எவ்வளவு கேவலமான வசவாக இருந்தாலும் சரி. வாய்க்கு வந்த அநியாயத்தைச் சொன்னாள்.

"ஐநூறு."

மீன்காரிகளின் கத்திகள் நின்றன. யோலெத் இடுப்புப் பையிலிருந்து ஓர் ஐநூறு கூர்த் தாளை எடுத்தாள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கொடுத்ததாக இருக்கும். அதை நீட்டினாள்.

"இந்தாங்க."

"சும்மா சொன்னேன்டி. நூத்தம்பதுதான். என்னை ஏதாவது கேளேன்," என்றாள் செலியான்.

யோலெத் கரியைக் கூடையில் கொட்டித் தலையில் ஏற்றிக்கொண்டாள். செலியான் மீதியை எண்ணி நிமிர்வதற்குள் அவள் மீன்கடைகளைத் தாண்டிப் போயிருந்தாள்.