அஞ்சு ரவுண்டு

ஆவூர் மரிய செல்விக்கு ஒரே மகன் ஃபிரெடி. வெளிநாட்டு டீமுக்குச் சைக்கிள் ஓட்டுகிறான். ரெண்டு தடவை தேசிய சாம்பியன். கப்பெல்லாம் அலமாரியில் இருக்கிறது, பிள்ளைதான் நாலு வருஷமாய் வீட்டுப் பக்கம் வரவில்லை. சாம்பியனைப் பெத்தவள் ஒத்தை ஆளுக்கு உலை வைக்கிறாள், என்ன கொடுமை!

போன வாரம் போன் பண்ணினான். "சென்னையிலேருந்து மதுரைக்கு ரேஸும்மா. அஞ்சு ரவுண்டு. விராலிமலை ரோட்டுல வந்து நில்லு, பாத்துக்கலாம். முடிஞ்ச கையோட ஃபிளைட்டு, வீட்டுக்கு வர முடியாது."

ரேஸ்காரர்கள் பாஷையில் அது ஸ்டேஜ். ஒரு நாளைக்கு ஒன்று. ஸ்டேஜ் என்றால் அம்மா நாடக மேடை என்று நினைப்பாளே என்றுதான் ரவுண்டு என்றான்.

அவளுக்குத் தெரிந்த சைக்கிள் ரவுண்டு வேறு. சின்ன வயசில் கோயில் திடலில் ஒருத்தன் ஏழு நாள் கீழே இறங்காமல் சைக்கிள் சுத்தினான். இந்தச் சுத்தில் விட்டால் அடுத்த சுத்தில் பார்க்கலாம். சோறுகூட ஓட்டிக்கொண்டே வாங்கித் தின்பான்.

அதனால் ரேஸ் அன்றைக்குத் தூக்குச்சட்டியில் புளிச்சோறும் அவிச்ச முட்டையுமாய் விராலிமலை ரோட்டில் வந்து நின்றாள்.

பத்தே முக்காலுக்கு விசில் ஊதினார்கள். கும்பலாய் வந்தது. எல்லாத் தலையிலும் ஹெல்மெட், எல்லாக் கண்ணிலும் கறுப்புக் கண்ணாடி. இதில் எம்புள்ள எது? போகட்டும், இன்னும் நாலு சுத்து இருக்கே என்று குனிந்து தூக்குச்சட்டியைத் திறந்தாள். நிமிர்ந்தபோது ரோடு காலி.

வெயில் உச்சிக்கு ஏறியது. தடுப்பை எடுத்தார்கள், லாரி ஓடியது. அவள் நகரவில்லை.

"யாருக்கும்மா நிக்கிறீங்க?" என்றார் போலீஸ்காரர்.

"எம்மகன் அடுத்த ரவுண்டுல வருவான் சார்."

"அடுத்ததா? அஞ்சு நாள் ரேஸும்மா, இன்னைக்குத்தான் கடைசி. இந்நேரம் மேலூரத் தாண்டியிருப்பாங்க. இங்கிட்டுத் திரும்ப வராது."

அடிப்பாவி, நாலு வருஷம் காத்த கண்ணு நாலு நொடி பொறுக்கலையே என்று தலையில் அடித்துக்கொண்டாள். திறந்த சோற்றில் ரோட்டுப் புழுதி படிந்திருந்தது.

ரெண்டு மணிக்கு ஏர்போர்ட்டிலிருந்து கூப்பிட்டான். அவள் இன்னும் பஸ் ஸ்டாப்பில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"ஒன்னயப் பாத்தேம்மா. கத்திக் கூப்புட்டேன், நீ நிமிரல."

"ஜெயிச்சியாய்யா?"

"இல்லம்மா. அந்த எடத்துல கொஞ்சம் பிரேக் புடிச்சுட்டேன். அப்பறம் கூட்டத்தப் புடிக்க முடியல. அப்புடிக் குனிஞ்சு என்னம்மா பண்ணுன?"

மரிய செல்வி தூக்குச்சட்டியை மூடினாள்.

"செருப்பு வாரு அந்துருச்சுய்யா," என்றாள்.