நான்கு துளைகளும் ஒரு தாழ்ப்பாளும்

1

இந்த டிரில் மெஷினை நான் வாங்கியது ஒரு கொலைக்காக.

பதறாதீர்கள். கொலை நடந்தது காகிதத்தில். வாரப் பத்திரிகைத் தொடர் ஒன்றில் என் கொலைகாரன் பக்கத்து வீட்டுச் சுவரைத் துளைத்து விஷப்புகை அனுப்ப வேண்டியிருந்தது. மெஷின் கையில் எப்படிக் கனக்கும், எப்படி அலறும் என்று தெரியாமல் எழுத மனம் வரவில்லை. திருவள்ளூர் பஜாரில் ஒன்று வாங்கினேன். தொடர் முடிந்தது. கொலைகாரன் மாட்டினான். மெஷின் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிவீட்டு நர்மதா அதை இரவல் கேட்டு வந்தாள். எதற்கு என்றேன். பாத்ரூம் டைல்ஸில் ஓட்டை போட வேண்டும், புருஷன் பிடித்து எழுந்துகொள்ள ஒரு ஸ்டீல் கைப்பிடி மாட்ட வேண்டும் என்றாள். கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் உறைத்தது: அவளும் நானும் ஒரே வீட்டுக்காரரின் குடித்தனக்காரர்கள். அவள் மாடி, நான் கீழே பின்போர்ஷன். அந்த வீட்டில் டைல்ஸைத் தொடக்கூடாது என்பது சட்டம்.

கதை பிறந்த இடம் இதுதான். இனி அதை எழுத நான் படுகிற பாட்டைப் பாருங்கள்.

2

தொடக்கம் ஒன்று: 'அந்த டைல்ஸின் இடுக்கிலிருந்து ரத்தம் கசியத் தொடங்கியபோது வீட்டில் யாருமே—'

நிறுத்திவிட்டேன். ரத்தம் எதுவும் இல்லை. கை பழக்க தோஷம்.

தொடக்கம் இரண்டு: 'நர்மதாவின் அகன்ற விழிகளில் மிரட்சி—'

இதுவும் வேண்டாம். அவள் விழிகளில் இருந்தது தூக்கக் கலக்கம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை. விடிவதற்குள் ஆயில் மில் ஸ்டாப்பில் கம்பெனி பஸ் ஏறினால், திரும்பி வர மாலையாகிவிடும். மிரளுவதற்கு அவளுக்கு நேரம் ஏது?

தொடக்கம் மூன்று: 'பார்த்திபன் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினான்.'

இது நிற்கிறது. இதில் எந்த ஜோடனையும் இல்லை. அவள் கணவன் பார்த்திபன் காட்டுப்பள்ளித் துறைமுகத்துப் பக்கம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவன். மழையில், மணலில், பைக் சறுக்கி இடுப்பெலும்பு உடைந்தது. யாரும் இடிக்கவில்லை, யார் மேலும் கேஸ் இல்லை. (என்னைப் போன்ற ஆளுக்கு இது எவ்வளவு பெரிய ஏமாற்றம் என்று யோசியுங்கள்.) ப்ளேட் வைத்தார்கள். வாக்கர் பிடித்து நடக்கிறான். ஆனால் பாத்ரூமில் உட்கார்ந்தால் எழுந்திருக்கப் பிடிமானம் இல்லை. ரப்பர் உறிஞ்சி ஒட்டும் கைப்பிடி ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தார்கள். அது ஒட்டியது, பளபளத்தது, பார்த்திபன் எடையைக் கொடுத்ததும் அவனோடு சேர்ந்து கீழே வந்தது.

அன்றிலிருந்து நர்மதாவும் கூடவே உள்ளே போக வேண்டியதாயிற்று. அவள் வேலைக்குப் போன பிறகு? அதற்கு அவன் கண்டுபிடித்த வழிதான் தண்ணீர் குடிக்காமல் இருப்பது. காலையில் அவள் நிரப்பி வைத்த சொம்பு மாலையில் அப்படியே இருக்கும்.

அவன் கேட்டது ஒன்றே ஒன்று. "கதவ சாத்திக்குனு போவணும் நர்மதா. அவ்ளோதான்."

3

வில்லன் வேண்டும். வில்லன் இல்லாமல் எனக்கு எழுத வராது. வீட்டுக்காரர் ஆராவமுதன் லட்டு மாதிரிக் கிடைத்தார்.

முதல் வரைவில் அவருக்கு இரட்டை மோவாய் கொடுத்தேன். ஒரு தங்கப்பல். குடித்தனக்காரப் பெண்களைப் பார்க்கும்போது உதட்டை நனைத்துக்கொள்ளும் பழக்கம். நான்கு பக்கம் எழுதிய பிறகு படித்துப் பார்த்தேன். அவரை எனக்குத் தெரியும் என்பதுதான் சிக்கல். ஒல்லி மனிதர். நெற்றியில் பளிச்சென்று திருமண். தலைமுறையாக வீரராகவப் பெருமாள் கோவில் கைங்கரியம். பெண்களிடம் பேசும்போது வாசற்படியைப் பார்த்துத்தான் பேசுவார். தங்கப்பல்லைப் பிடுங்கி எறிந்தேன்.

நர்மதா முறைப்படி அவரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். முடியாது என்றுவிட்டார். ஏன் என்பதற்கு அவரிடம் காரணம் இருந்தது. நியாயமான காரணம் உள்ள வில்லனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? முன்பு மாடியில் இருந்தவர்கள் சோப்புத் தட்டு மாட்டச் சுவரைக் குடைந்து, உள்ளே போகும் பைப்பைக் குத்திவிட்டார்கள். தண்ணீர் சுவர் வழியே இறங்கி, கீழே அவர் வீட்டுப் பெருமாள் இருக்கும் பூஜை உள்ளுக்கு வந்துவிட்டது. பாத்ரூம் தண்ணீர், பெருமாள் மேல். சுவரை உடைத்துப் பைப்பை மாற்றி, தீட்டுக் கழியச் சம்ப்ரோக்ஷணம் செய்து, புது டைல்ஸ் ஒட்டினார். தரையில் போடுகிற கெட்டி டைல்ஸையே சுவரிலும் போட்டார், இனி எவனும் குடைய முடியாதபடி.

அவரும் எதையோ காப்பாற்றத்தான் பார்க்கிறார். இதை எழுதும்போது எனக்கு எரிச்சலாக வருகிறது.

4

பத்திரிகையிலிருந்து தணிகாசலம் போன் செய்தார். என் தொடர்களை வெளியிடும் ஆசிரியர். கதை எங்கே என்றார். படித்துக் காட்டினேன்.

"டைல்ஸுக்குப் பின்னால என்ன சார் இருக்கு?"

"செங்கல்."

"செங்கலுக்குப் பின்னால?"

"பக்கத்து வீடு."

"பக்கத்து வீட்ல?"

"சுண்டல் வேகுது."

மனிதர் கெஞ்சவே ஆரம்பித்தார். முழுப் பிணம் வேண்டாம், ஒரு விரலாவது வைக்கச் சொன்னார். சின்ன விரல் போதுமாம். அதுவும் முடியாதென்றால் கடைசியில் பார்த்திபனையாவது உள்ளே விழ வைக்கச் சொன்னார். தாழ்ப்பாள் போட்ட கதவு, உள்ளே சத்தம், வெளியே மனைவி. அட்டைப்படமே வரைந்துவிடலாம் என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் என் விரல்கள் துடித்தன. ஆனால் நர்மதா மெஷினை வாங்கிக்கொண்டு போகும்போது சொன்னது காதில் இருந்தது. நான் எழுதுகிறவன் என்று அவளுக்குத் தெரியும்.

"இன்னா வேணா எழுதிக்கோங்க சார். அவரு உள்ள உழுந்து கெடக்கிற மாதிரி மட்டும் எழுதாதீங்க. அத நான் தெனம் கம்பெனி பஸ்ல பாத்துக்குனுதான் போறேன்."

தணிகாசலத்திடம் முடியாது என்றேன். அப்படியானால் பக்கம் கிடையாது என்றார். வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஆக, நீங்கள் இதை வேறெங்கோ படித்துக்கொண்டிருக்கிறீர்கள். வணக்கம்.

5

நர்மதா நாள் குறித்தாள். அமாவாசை.

திருவள்ளூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு: அமாவாசையன்று ஊரே கோவில் குளத்தைச் சுற்றித்தான். வெளியூர்க் கூட்டம் விடியும் முன்பே வந்து இறங்கும். ஆராவமுதனும் அவர் மனைவி கோமளவல்லி மாமியும் அதிகாலையில் கோவிலுக்குப் போனால் திரும்பப் பிற்பகலாகும். கொள்ளைக்காரர்களுக்கு நான் எழுதிக் கொடுத்த திட்டங்களில் ஒன்றுகூட இவ்வளவு கச்சிதமாக இருந்ததில்லை. நர்மதா லீவு போட்டாள். நான் மாடிக்குப் போனேன்.

என் மெஷினோடு வந்த பிட்டைப் போட்டு முதலில் முயன்றோம். அது டைல்ஸ் மேல் பனியில் சறுக்குகிறவன் போல வழுக்கியது. புகை வந்தது. டைல்ஸில் ஒரு கீறல்கூட இல்லை. இதே மாதிரிச் சுவரை என் கொலைகாரன் ஒரு பத்தியில் துளைத்தான்.

பஜாருக்கு ஓடினேன். வேறு பிட் கொடுத்தார்கள். குழல் போல நடுவில் காலி, விளிம்பில் வைரத்துகள். எத்தனை தொடர்களில் வைரம் கடத்தியிருக்கிறேன். நிஜ வைரத்தைத் தொட்டது அன்றைக்குத்தான், சட்டைப் பையில், ரசீதோடு.

(அடிக்குறிப்பு, வீட்டில் செய்து பார்க்கப் போகிறவர்களுக்கு: மெஷினில் 'ஹேமர்' என்று ஒரு திருகு இருக்கும். அதை அணைத்துவிடுங்கள். அது குத்தும், டைல்ஸ் விரிசல் விடும். பிட் குறியிலிருந்து வழுக்காமல் இருக்க மேலே காகித டேப் ஒட்டுங்கள். மெதுவாகச் சுற்ற விடுங்கள். அழுத்தாதீர்கள். துளைக்குச் சொட்டுச்சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருங்கள், மெஷினுக்குள் போகாமல். டைல்ஸைத் தாண்டிச் செங்கல் வந்ததும் சாதா பிட்டுக்கு மாறி, அப்போது ஹேமரைப் போடுங்கள். கொலைக் கதை எழுதுகிறவர்களும் குறித்துக்கொள்ளலாம்.)

நர்மதா மெஷினைப் பிடித்தாள். பார்த்திபன் பாத்ரூம் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கையை நீட்டி, ஸ்பான்ஜிலிருந்து பிட்டின் மேல் தண்ணீரைப் பிழிந்தான். நான் ஹாலில் ஸ்விட்ச் பக்கத்தில். முதல் துளைக்கு ஒரு யுகம் ஆனது. வெள்ளைச் சேறு டைல்ஸில் வழிந்தது. திடீரென்று சத்தம் மாறியது. சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வட்டத்துண்டு கழன்று விழுந்தது. விரிசல் இல்லை. பார்த்திபன் அதை எடுத்துத் துடைத்துப் பார்த்தான்.

"ஃபோர்க்லிஃப்ட்ட விட்டு எறங்குன அப்பறம், இப்பத்தான் ஒரு வேல செஞ்ச மாதிரி கீது," என்றான்.

இரண்டாவது துளையும் ஆயிற்று. கைப்பிடியின் மேல்முனைக்கு அவை இரண்டு. கீழ்முனைக்கு இன்னும் இரண்டு. பிரச்சினை அங்கேதான். கீழ்முனை குழாய்க்குப் பக்கத்தில் வருகிறது. பைப் எந்தப் பக்கம் வளைந்து போகிறது என்று எங்கள் யாருக்கும் தெரியாது. வெடிகுண்டுக்குள் எந்த ஒயரை வெட்டுவது என்று எத்தனை வாரக் கடைசியில் வாசகர்களைத் தொங்கவிட்டிருப்பேன்! இப்போது நானே தொங்கினேன். அழகாக இல்லை.

நர்மதா குறி வைத்தாள்.

மாடிப்படியில் காலடி.

6

ஆராவமுதன். படிக்கிற மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு எடுக்க வந்திருக்கிறார். கீழே நின்றவருக்கு மேலே மெஷின் அலறுவது கேட்டிருக்கிறது.

(பலவீனமான காரணம் என்று தெரியும். மனிதர்கள் கண்ணாடியைத்தான் மறக்கிறார்கள்.)

வாசற்படியோடு நின்றுவிட்டார். கோவிலுக்குத் திரும்ப வேண்டியவர், மடியாக இருந்தார். ஈரம் காயாத பஞ்சகச்சம். எதையும் தொடக்கூடாது, பாத்ரூம் பக்கம் வரவே கூடாது. அங்கிருந்தே வழியும் சேற்றையும் இரண்டு துளைகளையும் பார்த்தார்.

"அணையுங்கோ எழுத்தாளரே," என்றார்.

ஸ்விட்ச் என் விரலுக்கு எட்டும் தூரம். என் போர்ஷனுக்கும் அவர்தான் சொந்தக்காரர். திருவள்ளூரில் தனிக்கட்டைக்கு வீடு கிடைப்பது என்ன பாடு என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் அணைக்கவில்லை. சமர்த்தாக ஒரு வசனம் பேசியதாக எழுதிப் பார்த்தேன். பொய். வாயே திறக்கவில்லை. அணைக்கவில்லை, அவ்வளவுதான்.

நர்மதா மெஷினைக் கீழே வைக்காமல் திரும்பினாள்.

"சாமி, சொவர ஒடச்சி பைப்ப மாத்துனது நீங்கதான். அது எங்க போவுதுன்னு உங்களுக்குத் தெரியும். சொல்லுங்க."

"நான் அன்னிக்கே வேண்டாம்னு சொன்னேனோல்லியோ?"

"சொன்னீங்க. இன்னிக்கி நான் போடத்தான் போறேன். நீங்க சொன்னா பைப்ப உட்டுட்டுப் போடுவேன். சொல்லலன்னா எங்க படுதோ அங்க."

அவர் பார்த்திபனைப் பார்த்தார். பார்த்திபன் ஸ்பான்ஜைப் பிடித்தபடி அவரையே பார்த்தான். கெஞ்சவில்லை. எழுந்து நிற்க முயலவும் இல்லை.

கீழே அவருடைய பெருமாள். மேலே மெஷின் முனை. இடையில் எங்கோ ஒரு பைப். குளத்தங்கரை ஒலிபெருக்கி யாரோ தொலைந்த குழந்தையின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது.

"அங்கே வேண்டாம்," என்றார் கடைசியில். "பைப் வளைஞ்சு வர்றது அங்கேதான். நாலு விரற்கடை எடதுபக்கம் தள்ளிக்கோ. இன்னும் தள்ளு. போறும். அதுக்கு நேர் கீழே இன்னொண்ணு."

நர்மதா கைப்பிடி சற்றுச் சாய்ந்து நிற்கும்படி குறியை மாற்றினாள். அவர் அங்கேயே நின்றார். மூன்றாவது துளை முடியும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு, நான்காவது முடியும்வரை உதட்டுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டு. ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை, பார்த்திபன் பிழிந்ததைத் தவிர.

மெஷின் அடங்கியதும் சொன்னார்: "அடுத்த மாசம் ரெண்டு பேரும் காலி பண்ணிடுங்கோ." ரெண்டு பேரில் நானும் ஒருவன்.

"சரி சாமி," என்றாள் நர்மதா. "கம்பிய நாங்க கழட்டிக்குனு போறோம். ஓட்டைய நீங்க வச்சிக்கோங்க."

அவர் படியிறங்கிப் போனார். கண்ணாடியை எடுத்துக்கொண்டாரா என்று நான் கவனிக்கவில்லை.

7

முடிவுகள்.

அ. நான்காவது துளைக்குப் பின்னால் ஒரு விரல் தெரிகிறது. (தணிகாசலத்துக்கு. தபாலில் அனுப்பிவிடுகிறேன்.)

ஆ. சாயங்காலம் கோமளவல்லி மாமி மாடியேறி வந்து, கைப்பிடியைத் தடவிப் பார்த்து, 'எனக்கும் முட்டி வலிடியம்மா, கீழேயும் ஒண்ணு—'

போதும். எழுதும்போதே சர்க்கரை நாக்கில் ஒட்டுகிறது. மாமி வரவில்லை.

இ. நடந்தது. துளைகளில் ப்ளக் அடித்து, திருகாணி முடுக்கி, கைப்பிடியை மாட்டினோம். நர்மதா அதைப் பிடித்துத் தன் முழு உடம்பையும் பின்னுக்குச் சாய்த்து இழுத்தாள். அசையவில்லை. காலைப் பழக்கத்தில் அவள் நிரப்பி வைத்திருந்த சொம்பைப் பார்த்திபன் கேட்டான். கொடுத்தாள். நிறுத்தாமல் குடித்து முடித்துக் கவிழ்த்துக் காட்டினான். ஹாலில் சும்மா உட்கார்ந்திருந்தோம். பிறகு அவன் வாக்கரைப் பிடித்து எழுந்தான். நர்மதாவும் எழுந்தாள்.

"நீ இரு," என்றான்.

உள்ளே போனான். கதவைச் சாத்தினான். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

இந்த இடத்தில் நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று தெரியும். கைப்பிடி தாங்கியதா? எழுந்தானா? காதைக் கதவில் வைத்துக் கேட்டுச் சொல் என்பீர்கள். இத்தனை வருடத் தொடர்களில் பூட்டிய கதவு எதையும் நான் திறக்காமல் விட்டதில்லை. சாவித்துவாரம், வென்டிலேட்டர், ஓடு பிரிப்பது, எல்லா வழியும் எனக்குத் தெரியும். டிரில் மெஷின் வேறு கட்டிலுக்கடியில் திரும்பி வந்து படுத்திருக்கிறது.

போகமாட்டேன். அவன் தனியாக இருக்கத்தான் இத்தனையும்.

நாங்கள் வீட்டைக் காலி செய்தோமா, ஆராவமுதன் மனம் மாறினாரா, அந்த நான்கு துளைகளை அடுத்த குடித்தனக்காரர் என்ன செய்தார், எல்லாவற்றையும் உங்களிடம் விட்டுவிடுகிறேன். இஷ்டம்போல் எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கதவை மட்டும் தட்டாதீர்கள். உள்ளே ஆள் இருக்கிறது.