பதினாறு கட்டம்

எங்கள் மருந்தியல் ஆய்வகத்தில் சுண்டெலி ஓடுவதை அளக்கப் பெரிய கருவி எதுவும் கிடையாது. ஒரு மரப்பெட்டி, அதன் தரையில் பதினாறு கட்டம், பக்கத்தில் சாமிதுரை அண்ணன். பத்து நிமிடத்தில் எலி எத்தனை முறை கட்டம் மாறுகிறது என்று அவர் எழுதுவார். எந்த எலிக்கு என்ன ஊசி என்று எண்ணுகிறவருக்குத் தெரியக்கூடாது என்பது விதி. அதனால் ஊசி போடும் நான் எண்ணக்கூடாது. தினக்கூலிக்கு வரும் அவர் எண்ணலாம்.

எட்டு எலிக்கு உப்புநீர், எட்டுக்குச் செயற்கைக் கஞ்சா, எட்டுக்கு ஊக்கமருந்து. என் மூன்று வருடப் படிப்பு அந்த எண்களில்தான் இருந்தது. எல்லாம் முடிந்து, எலிகளின் மூளையையும் எடுத்த பிறகுதான் தாளைப் பார்த்தேன். கஞ்சா எலிகள் ஒன்றிரண்டு கட்டத்தோடு படுத்துவிட்டன. சரி. உப்புநீர் எலிகள் ஒவ்வொன்றுக்கும் பதினாறு. பக்கத்து அறை வரைக்கும் நகம் பிறாண்டிய சத்தம் கேட்ட ஊக்கமருந்து எலிகளுக்கும் அதே பதினாறு.

"என்னண்ணே, இதுங்க ஓடவே இல்லையா?"

"பேயா ஓடுச்சும்மா. ஆனா போன கட்டத்துக்கே திரும்பத் திரும்பப் போச்சு. ஒருதரம் எழுதினத மறுபடி எழுதலாமா?"

"எழுதணும்ணே!"

"நல்லா சொன்னீங்க போங்க. சர்க்காரு உபரி நிலத்த ஏழைங்களுக்குப் பிரிச்சுக் குடுத்தப்ப குடவாசல்கிட்ட ஒரே வயல ரெண்டு தரம் எழுதிப்புட்டாங்க. எங்கப்பாவுக்கு ஒரு பட்டா, பக்கத்துத் தெரு இளையபெருமாளுக்கு ஒரு பட்டா. முப்பத்தோரு வருசமா கேசு நடக்குது."

அந்தப் பெட்டியை அவர் தலையில் கவிழ்க்கலாம் போல ஆத்திரம் வந்தது. அரசாங்கப் பெட்டி என்பதால் விட்டுவிட்டேன்.

"மறுபடி எலி கேட்டு விலங்கு நெறிமுறைக் குழுவுக்கு எழுது. தப்பு யாரோடதுன்னு கேப்பாங்க, சாமிதுரை பேரப் போடு," என்றார் என் பேராசிரியர்.

சாமிதுரை அண்ணன் பேரைப் போட்டால் திங்கட்கிழமை அவருக்கு வேலை இருக்காது. என் பேரைப் போட்டால் ஒரு வருட உதவித்தொகை போகும். அவருக்கு நான் சொல்லித்தந்தது அரை நிமிடம். எண்ணும்போது போய்ப் பார்த்தது ஒருநாளும் இல்லை. வாய்க்கு வந்தபடி எல்லோரையும் திட்டிக்கொண்டே படிவத்தை நிரப்பினேன்.

பேராசிரியர் சொன்னது காதில் விழுந்திருக்க வேண்டும், சாமிதுரை அண்ணன் வந்து நின்றார். "புதுசா எத்தன எலிம்மா வரும்?"

"இருபத்துநாலு."

"அதுங்க மூளையையும் எடுத்துருவீங்களா?"

"ஆமாண்ணே."

திறந்து கிடந்த காலிக் கூண்டு ஒன்றின் கதவைச் சாத்தினார்.

"என்னால இன்னும் இருபத்துநாலு உசுரா? அப்ப எம் பேரையே போட்ருங்கம்மா," என்றார்.

நான் என் பேரை எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தேன்.