நாற்பது போதும்

வெளிநாட்டுக் கம்பெனி விலை பேச வரும் வாரத்தில், தண்ணீர் மோட்டார் தொழிற்சாலையின் முதலாளி இரண்டு காரியங்கள் செய்தார். தன் அறைக் கதவில் ‘சேர்மன்’ என்று பித்தளைப் பலகை மாட்டினார். போனில் ஆர்டர் எடுக்கும் தன் அக்காவை வீட்டில் இருக்கச் சொன்னார்.

“நீ போன்ல கத்துறத பார்த்தா அவங்க என்னக்கா நினைப்பாங்க?”

“மோட்டார் விக்கிறோம்னு நினைப்பாங்கடா.”

சேர்மன் சிரிக்கவில்லை. கம்பெனியை முழுசாக விற்றுவிட்டு, மேடைதோறும் வெற்றியின் ரகசியத்தை விளக்குவது அவர் திட்டம். பங்கு எல்லாம் அவர் பெயரில். விற்றால் அக்காவின் இருபது வருட நாற்காலியும் போகும்.

அக்காவின் மேஜையில் இப்போது ஒரு கம்ப்யூட்டர். கடைக்காரர்கள் கூப்பிட்டால் ஒரு தேன்குரல் ஏழு பட்டன்களை விளக்கியது. நான்கு நாளில் வந்த ஆர்டர் மூன்று.

வெளிநாட்டுக் கம்பெனிக்காக வாங்க வந்த அம்மாள் இதில் பழம் தின்று கொட்டை போட்டவர். ஊருக்கு ஒரு கம்பெனியை முழுசாக வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவரும்கூட. சேர்மன் காட்டிய எண்பது ஸ்லைடுகளைக் கொட்டாவியோடு பார்த்துவிட்டு லோடிங் மேஸ்திரியிடம் போனார்.

“லாரி ஏன் காலியா நிக்குது?”

“அக்கா வரலீங்க. எந்தக் கடைக்கு எது ஓடும்னு அவங்களுக்குத்தான் தெரியும்.”

ஆள் அனுப்பி அழைத்தார்கள். அக்கா ஒரு காலண்டர் தாளோடு வந்தாள். பின்பக்கம் முழுக்க ஆர்டர்.

“கடைக்காரங்க வீட்டுக்கே வந்துட்டாங்க. டீ போட்டே கை ஓஞ்சுபோச்சு.”

அம்மாள் தாளைப் படித்தார். சேர்மனிடம் திரும்பினார்.

“முழுசா வாங்கினா கட்டடம் எங்களுக்கு வரும், இவங்க வீட்டுக்குப் போயிடுவாங்க. அப்புறம் அந்தத் தேன்குரலை வச்சு நான் யார்கிட்ட விக்கிறது? எங்களுக்கு நாற்பது சதவீதம் போதும். மீதியில பாதி அக்கா பேருக்கு மாத்துங்க. கம்பெனி படுத்தா எங்களோட சேர்ந்து உங்க ரெண்டு பேருக்கும் வலிக்கணும்.”

“பாதியா?”

“இல்லன்னா நாங்க கிளம்புறோம்.”

சேர்மன் தலையாட்டினார்.

“அப்ப நான்...?”

“நீ சேர்மன்தான்டா. பலகைக்கு நாலு ஆணி வேற அடிச்சிருக்கே” என்றாள் அக்கா. கம்ப்யூட்டரை ஓரமாகத் தள்ளி உட்கார்ந்தாள். போன் அடித்தது.

“பத்தா? போன தடவை வாங்குனதே உங்க கடையில தூங்குது. ஆறு அனுப்புறேன். வித்துட்டுக் கூப்பிடுங்கண்ணே.”

அம்மாள் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.