கொலம்பஸ் ஆபீஸ்

சவர நுரையை வழித்துக்கொண்டிருந்தாள் ரோண்டா. கத்தி தாடையருகே வந்த நேரம் பார்த்து அப்பா பேச வாயெடுத்தார்.

"அசையாதப்பா, வெட்டிடப் போகுது."

"வெட்டட்டும். இனிமே ஆறணும்னு என்ன கட்டாயம்?"

சிரிக்கப் போய் இருமினார் டெல்பர்ட். கட்டிலை முன்னறைக்குக் கொண்டுவந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. இன்றோ நாளையோ என்று காலையில்தான் நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். நாற்பது வருஷம் ஊரார் வீட்டு ஹீட்டர்களைப் பழுதுபார்த்த மனுஷர், சாகக் கிடக்கும்போதும் தன் வீட்டு ஹீட்டர் கீழே நிலவறையில் உறுமுவதைக் காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பெல்ட் தேயுது, மாத்தணும். அப்புறம், நான் போனதும் டீச்சரோட சம்பள உயர்வுக்கு எழுதிப் போட்டுடு. அவ போடமாட்டா."

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "டெல், வாயை மூடிக்கிட்டு இரு."

"பாத்தியா? அதான் உங்கிட்ட சொல்றேன். சத்தியம் பண்ணு."

ரோண்டா பண்ணினாள். கையில் சவரக்கத்தியோடு சத்தியம் பண்ணுகிற கூத்து அவளுக்கு மட்டும்தான் நடந்திருக்கும்.

அம்மா நெல்டா மூன்றாம் வகுப்பு டீச்சர். நாட்டில் பெரும்பாலோர் வாஷிங்டனில் மத்திய அரசு நடத்தும் ஓய்வூதியத்துக்குக் கட்ட, ஒஹாயோ டீச்சர்களுக்கு மாநிலமே தனி நிதி வைத்திருந்தது. கொலம்பஸில் அதற்கென்று ஓர் ஆபீஸ். ஓய்வுபெற்ற அன்று அவள் முழுத்தொகையும் எனக்கே என்று எழுதியிருக்கலாம். தனக்குப் பிறகு டெல்பர்ட்டுக்கும் வரட்டும் என்று அவர் பெயரையும் சேர்த்தாள், அதற்காக மாதாமாதம் குறைத்து வாங்கினாள். அவள் வீட்டுப் பெண்கள் யாரும் எழுபதைத் தாண்டியதில்லை. தான்தான் முந்துவோம் என்று அவளுக்கு அப்படியொரு நிச்சயம். இப்போது எழுபத்தெட்டு.

சேர்த்த பெயர்க்காரர் முதலில் போனால் தொகை மறுபடி முழுசாகும், சாவுச் சான்றிதழ் அனுப்பினால் போதும். சண்டை வரும்போதெல்லாம் அப்பா இதைத்தான் எடுப்பார்: "காபியில ஏதாவது கலந்துடு டீச்சர், உனக்குச் சம்பளம் கூடும்."

விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் அவருக்கு வரும் வாஷிங்டன் ஓய்வூதியம் அவரோடு நின்றுவிடும். மாநில ஓய்வூதியம் வாங்குகிற விதவைக்கு, புருஷனுடைய பணத்தில் கழிக்கவேண்டியதைக் கழித்தால் மிச்சம் ஒன்றுமில்லை, அன்றைய சட்டம் அப்படி. அந்த உயர்வு இல்லாமல் அம்மா இந்த வீட்டில் ஒரு குளிர்காலம் ஓட்டுவதே கஷ்டம். அப்பாவுக்கு அது தெரியும்.

மூன்று மணிக்கு அவர் போனார். அம்மா அவர் காலுறையைச் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள்; இழுத்துவிட்ட பிறகும் கையை எடுக்கவில்லை.

மறுநாள் சவ அடக்க நிலையத்து ஸ்டெம்பிள், பெட்டி, பூ, தேவாலய நேரம் எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டு, "வாஷிங்டனுக்கு நாங்களே தகவல் குடுத்துட்டோம்மா. காலையிலேயே முடிஞ்சது. நீங்க எதுவும் பண்ண வேண்டாம்" என்றார் உதவி செய்த பெருமையோடு.

"காலையிலேயேவா?" என்றாள் அம்மா.

அடக்கம் முடிந்து பத்தாம் நாள் சான்றிதழ்கள் வந்தன. ரோண்டா ஒரு பிரதியையும் நிரப்பிய படிவத்தையும் உறையில் போட்டு, கொலம்பஸ் முகவரி எழுதி, சாலையோரத் தபால் பெட்டியில் வைத்துச் சிவப்புக் கொடியைத் தூக்கிவிட்டு வந்தாள். கொடி தூக்கியிருந்தால் தபால்காரர் எடுத்துக்கொண்டு போய்விடுவார். சத்தியம் முடிந்தது என்று தட்டுகளைக் கழுவ ஆரம்பித்தாள்.

ஜன்னல் வழியே பார்த்தால், அம்மா வீட்டுச் செருப்போடு பனியில் போய்க்கொண்டிருந்தாள். பெட்டியைத் திறந்து உறையை எடுத்தாள். கொடியை இறக்கினாள். யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் உறையை ஸ்வெட்டருக்குள் செருகிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"அம்மா, அதைக் குடு."

"எதை?"

"மூணாங்கிளாஸ் பிள்ளைங்ககிட்ட இந்தப் பொய்யை நீ விட்டுவெச்சிருப்பியா?"

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். செருப்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. உறையை வெளியே எடுக்கவில்லை.

"அப்பாகிட்ட சத்தியம் பண்ணிருக்கேம்மா. பணம் வராம நீ என்ன பண்ணுவ? தள்ளிப்போட்டா நஷ்டம் நமக்குத்தான்."

"தெரியும்டி. கணக்கு எனக்கும் வரும்." கொஞ்ச நேரம் மேசை விரிப்பைத் தடவிக்கொண்டிருந்தாள். "நேத்து கொலம்பஸ்லேருந்து ஒரு பொண்ணு போன் பண்ணா. வருஷா வருஷம் சரிபாக்கிறாங்களே, அதுக்கு. விலாசம் அதேதானான்னு கேட்டா. அதேதான்னேன். கூடச் சேர்த்திருக்கிற டெல்பர்ட் ரௌஷ் உயிரோட இருக்காரான்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"இருக்காருன்னேன்."

ரோண்டா கையைத் துணியில் துடைத்தாள். துடைத்த கையையே திரும்பத் துடைத்தாள்.

"அந்தப் பொண்ணு நல்லவ. 'ரொம்ப சந்தோஷம்மா, ரெண்டு பேரும் நல்லா இருங்க'ன்னா." என்றாள் அம்மா. "வாஷிங்டன்ல மறுநாள் காலையிலயே முடிச்சுட்டாங்க. பாங்குல முடிச்சாச்சு. சர்ச் பட்டியல்லயும் அடிச்சாச்சு. அந்த ஒரு ஆபீஸ்லதான் இன்னும் இருக்காரு. கொஞ்ச நாள் இருந்துட்டுப் போகட்டுமே, ரோண்டா."

வெளியே தபால் வண்டி வரும் சத்தம் கேட்டது. அம்மா ஸ்வெட்டரை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள், பரீட்சைத் தாளை மறைக்கிற குழந்தை மாதிரி.

ரோண்டா கோட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனாள். தபால்காரர் அனுதாபக் கடிதக் கட்டு ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு, வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"அனுப்ப ஏதாவது இருக்காம்மா?"

"இல்லைங்க," என்றாள். "இந்த மாசம் எதுவும் இல்லை."