பன்றிமயிர்த் தூரிகை

கோழித்துண்டுகளில் இனிப்புச் சோயா சாஸ் தடவப் புதுத் தூரிகைகள் வந்திருந்தன. வெள்ளை மயிர், நுனி பிளந்தது. பார்த்ததுமே வார்சினி கையை இழுத்துக்கொண்டாள். சோலோ நகரத்து பேக்கரியில் எட்டு வருஷம் குப்பை கொட்டியவளுக்குத் தெரியாதா? பன்றி மயிர்.

"என்னக்கா, தூரிகை நல்லாருக்கா? நான்தான் பாத்து வாங்கினேன்."

நிங்ரும். இருபத்துநாலு வயசு, கழுத்தில் ஹலால் கண்காணிப்பாளர் அட்டை, மாதச் சம்பளம். அந்த வேலையைக் கேட்டுத்தான் வார்சினி மூன்று முறை நடந்தாள். பட்டம் இல்லை என்று தினக்கூலிக்குச் சமையலில் போட்டார்கள். அந்த அட்டை ஆடும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும்.

"நீங்க பாத்தா தப்பாகுமா மேடம்? படிச்சவங்க."

சொல்லிவிட்டு முட்டைக்கோஸ் நறுக்கப் போய்விட்டாள். ஒன்பது மணிக்குச் சோதனை அதிகாரி வருவார். பள்ளிகளுக்குச் சாப்பாடு கிளம்புவது பத்தரைக்கு. ஒரு பிள்ளை வாயிலும் படாது. நிங்ருமின் மானம் மட்டும் போகும்.

அதிகாரி வந்தார். வார்சினி ஒரு மயிரைப் பிடுங்கி அடுப்பில் காட்டினாள். தலைமுடி கருகும் நாற்றம் குப்பென்று எழுந்தது.

"நைலான்னா உருகும் சார். இது பன்னி."

நிங்ருமின் முகம் வெளுத்தது. வார்சினிக்கு வயிறு குளிர்ந்தது.

"நல்ல கண்ணும்மா உங்களுக்கு. எப்பப் பாத்தீங்க?" என்றார் அதிகாரி.

"காலையிலேயே சார்." பெருமையில் வாய் முந்திக்கொண்டது.

அடுப்படியில் நின்ற பெண்கள் அவளையே பார்த்தார்கள்.

"அடிப்பாவி, தெரிஞ்சேவா எங்கள அதத் தடவ விட்ட?" என்றாள் பக்கத்தில் நின்ற துமினா.

மூவாயிரம் பேர் சாப்பாடு குழிக்குப் போனது. சமையலறை இரண்டு வாரம் மூடல். கூலிக்காரர்களுக்குக் கூலி இல்லை. நிங்ருமைச் சம்பளத்தோடு செமராங் நகரத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பப்போகிறார்கள். தெரிந்தும் மறைத்ததற்காக வார்சினியின் பெயரை வேலைப் பட்டியலிலிருந்து அடித்தார்கள். அந்தக் கோழி வைத்த தட்டுகளைக் கழுவிக் கொடுத்தால்தான் இன்றைய கூலி.

பன்றி பட்ட பாத்திரத்தை மார்க்கப்படி ஏழு முறை கழுவ வேண்டும்: ஒரு முறை மண் கரைத்த தண்ணீர், ஆறு முறை நல்ல தண்ணீர். வார்சினி குழாயடியில் குந்தி, முழங்கை வரை சேறாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிங்ரும் மின்விசிறிக்கு அடியில் நாற்காலி போட்டு, மடியில் தாளோடு எண்ணினாள்.

"நாலு... அஞ்சு... அக்கா, அந்த ஓரத்துல இன்னும் மண்ணு இருக்கு பாருங்க."