வெறும் கை

தெருவில் அவருக்குக் கஞ்சிச் சட்டைக்காரர் என்று பெயர். ஓய்வு பெற்ற பிறகு வீட்டுக்குள்கூட மடிப்புக் கலையாத சட்டைதான். சொன்ன சொல் மாறாத குடும்பம் என்று நாலு பேர் சொல்வதைக் காப்பாற்றுவதுதான் வீட்டுக்குப் பெரியவனின் முதல் வேலை என்பார். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

அவரும், தம்பியும், தம்பி மனைவியும்தான் அந்த வீட்டில். பால்கனித் தொட்டிகளில் அவருடைய எக்காளப்பூக் கன்றுகள் நின்றன. குச்சி நட்டு அவரே வேர் பிடிக்க வைத்தவை. தண்டு இரண்டாகக் கவை விடும்வரை பூக்காது. அதுவரை பச்சைப்பிள்ளை மாதிரி பார்க்க வேண்டும். கொஞ்சம் வெயில் கூடினால் தலையைத் தொங்கப் போட்டுவிடும். இலைக்கு அடியில் செடிப்பேன் பிடிக்கும். ஊமத்தைக்கு உறவு, இலையிலிருந்து வேர்வரை விஷம் என்று எங்கோ படித்துவிட்டு, தூக்கி எறியச் சொன்னாள் தம்பி மனைவி.

"கிளவுஸ் போட்டுத்தான் தொடுவேன். இந்தச் செடியால இந்த வீட்ல ஒருத்தருக்கும் ஒண்ணும் வராது. இது என் வார்த்தை."



அன்று காலை கிளவுஸ் போட்ட விரலுக்குப் பேன் அகப்படாமல் வழுக்கியது. கழற்றி வைத்துவிட்டு வெறும் கையால் இலைகளின் அடியைத் தடவித் தடவி நசுக்கினார். பழுத்த இலைகளைக் கிள்ளினார். கண்ணில் இறங்கிய வியர்வையை விரலால் வழித்தார். அப்போது தம்பி உள்ளேயிருந்து கூப்பிட்டார். கண்புரை அறுவைக்குப் பிறகு அவருக்குச் சொட்டு மருந்து விடுவது அண்ணன்தான்; மனைவிக்குக் கை நடுங்குமாம். பெரியவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு போய், தம்பியின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பிடித்து மருந்தை விட்டார்.

மத்தியானம் தம்பிக்கு வெளிச்சம் கூசியது, பேப்பரில் எழுத்து கலங்கியது. மனைவி கிட்டே போய்ப் பார்த்தாள். ஒரு கண்ணில் கண்பாப்பா சரியாக இருந்தது. மருந்து விட்ட கண்ணில் அது விரிந்து கருவிழி முழுவதையும் கறுப்பாக விழுங்கியிருந்தது. டார்ச் அடித்தாள். சுருங்கவில்லை. போன வருஷம் ஒரு முறை பக்கவாதத்தில் வாய் கோணிப் பிழைத்த மனுஷன். அவள் டார்ச்சை மேஜையில் வைக்க முடியாமல் கீழே போட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கண்ணில் வேறு ஏதாவது பட்டதா என்று கேட்டார். "நான்தான் மருந்து விடறேன். சுத்தமா விடறேன்" என்றார் பெரியவர். சொல்லும்போது அதை அவரே நம்பினார். ஒரு கண் மட்டும் இப்படி விரிந்தால் தலைக்குள் ரத்தக்கசிவு இருக்கலாம், ஸ்கேன் பார்த்துவிட்டு மண்டையைத் திறக்க வேண்டி வந்தாலும் வரும் என்றார் டாக்டரம்மா.

ஸ்கேனுக்குச் சக்கர நாற்காலியில் போகுமுன் தம்பி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "அண்ணே, எனக்கு வாய் கோணிட்டா வெளி ஆளுங்கள பாக்க விடாத."

பணம் கட்டக் கீழே போனவருக்கு லிஃப்டில் மாடி எண்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு தெரிந்தன. வயசு என்று நினைத்தபடி கண்ணாடியைப் பார்த்தார். அவருடைய இடது கண்ணும் கிணறு மாதிரி கறுத்திருந்தது.

காலையில் வழித்த வியர்வை. அந்த விரல். அதே விரலால் இழுத்த தம்பியின் இமை.

லிஃப்ட் கதவு திறந்து, மறுபடி மூடிக்கொண்டது. அவர் இறங்கவில்லை. சொன்னால் அவர் வார்த்தை, தம்பி மனைவியின் முன்னாலேயே, மண்ணோடு போகும். சொல்லாவிட்டால் தம்பியின் மண்டையில் கத்தி. மேலே போகும் பொத்தானை அமுக்க விரலை நீட்டியவர், அதைத் தொடவே பயந்து, முழங்கையால் அமுக்கினார்.

டாக்டரம்மாவின் பக்கத்தில் தம்பி மனைவி நின்றிருந்தாள். அவர் இரண்டு கைகளையும் நீட்டினார்.

"என் கண்ணைப் பாருங்க டாக்டர். வீட்ல ஊமத்தை மாதிரி ஒரு விஷச் செடி வச்சிருக்கேன். கிளவுஸ் போடாம தொட்டேன். அந்தக் கையாலதான் இவனுக்கு மருந்து விட்டேன்."

டாக்டரம்மா விளக்கை அடித்துப் பார்த்தார். முதலில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவச் சொன்னார். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வரும்வரை பெரியவர் கழுவிக்கொண்டே இருந்தார். செடியின் வேலையாகத்தான் தெரிகிறது, சில நாளில் தானாக இறங்கும், அதுவரை விடாமல் கவனியுங்கள் என்று அனுப்பினார்கள்.

சாயங்காலம் அண்ணனும் தம்பியும் கறுப்புக் கண்ணாடியோடு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"வார்த்தை குடுத்தீங்களே அத்தான்" என்றாள் தம்பி மனைவி. அவள் டார்ச்சை எடுத்தாள்.

"எனக்கு அப்புறம் பாக்கலாம், முதல்ல அவனுக்கு அடி" என்றார் பெரியவர்.

அடித்தாள்.

"சுருங்குதா?"

"இல்ல."

சற்றுப் பொறுத்து மறுபடி கேட்டார்.